கப்பலில் சமையல் வேலை: காசு கட்டும் முன்னால் எந்தக் கப்பல் என்று முடிவு செய்யுங்கள்

“கப்பல்ல குக் வேலை இருக்கு. ரெண்டு லட்சம் ஆகும். மூணு மாசத்துல ஏத்தி விட்டுடலாம்.” தமிழ்நாட்டில் கேட்டரிங் படித்த பலரின் காதிலும் இந்தப் பேச்சு ஒருமுறையாவது விழுந்திருக்கும். எந்தக் கப்பல் என்று சொல்லமாட்டார்கள், என்ன பதவி என்றும் சொல்லமாட்டார்கள். கேட்பவரும் பெரும்பாலும் கேட்பதில்லை. சரக்குக் கப்பல், சொகுசுப் பயணக் கப்பல், கடலில் நிற்கும் எண்ணெய்த் தளம் இந்த மூன்றுக்கும் ஆள் எடுக்கும் முறை வேறு, படிப்பு வேறு, காகிதமும் வேறு. ஒன்றுக்கான படிப்பைக் காசு கொடுத்து முடித்துவிட்டு இன்னொன்றின் வாசலில் போய் நிற்பதுதான் இந்தத் தொழிலில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

சரக்குக் கப்பலை முதலில் பார்ப்போம். பெரிய பல்க் கேரியரோ டேங்கரோ, அதில் இருக்கப்போவது 20 முதல் 25 பேர். அவர்களுக்குச் சமைக்க ஒரு சீஃப் குக், பரிமாறவும் பாத்திரம் கழுவவும் ஆபீசர்களின் அறைகளைச் சுத்தம் செய்யவும் ஒரு மெஸ்மேன். சில கப்பல்களில் செகண்ட் குக் என்று இன்னொருவர் இருப்பார், பலவற்றில் இருக்கமாட்டார். ஆகப் புதிதாக வருபவருக்குச் சமையல்காரர் இடம் கிடையாது. மெஸ்மேனாகவோ, ஜி.எஸ். என்று சொல்லும் ஜெனரல் ஸ்டூவர்டாகவோ, பெரும்பாலும் அதற்கும் கீழே டிரெய்னியாகவோதான் ஏற முடியும். “நேரா குக்கா போயிடலாம்” என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

இந்த வழிக்கான படிப்பு சி.சி.எம்.சி. எனப்படும் கடல்சார் கேட்டரிங் சான்றிதழ்ப் படிப்பு. ஆறு மாதம், தங்கிப் படிக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஆனால் ஆங்கிலத்தில் 40 சதவீதம் வேண்டும். வயது பதினேழரையிலிருந்து 25 வரை. வயது வரம்பும் மதிப்பெண் விதியும் அவ்வப்போது மாறுவதால் சேரும் ஆண்டின் அறிவிப்பை டி.ஜி. ஷிப்பிங் எனப்படும் மத்திய அரசின் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரித் தேர்வோடு வேலை முடியாது. பி.இ.எஸ். என்ற தேர்வு அமைப்பு நடத்தும் அகில இந்திய வெளியேறும் தேர்விலும் தேற வேண்டும்.

கல்லூரியைப் பற்றி விசாரிக்கும்போது ‘டி.ஜி. அப்ரூவல் இருக்கா’ என்று மட்டும் கேட்டால் ‘இருக்கு’ என்றுதான் பதில் வரும். ஒப்புதல் படிப்பு வாரியாகத் தரப்படுகிறது. ஜி.பி. ரேட்டிங் (கப்பலின் பொதுப்பணி ஊழியர்களுக்கான படிப்பு) நடத்த ஒப்புதல் பெற்ற கல்லூரிக்குக் கேட்டரிங் படிப்பு நடத்த ஒப்புதல் இல்லாமல் இருக்கலாம். டி.ஜி. தளத்தில் உள்ள பட்டியலில் அந்தப் படிப்பின் பெயரோடு கல்லூரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கேள்வி இதைவிட முக்கியம்: போன இரண்டு பேட்ச்சில் எத்தனை பேர் கப்பல் ஏறினார்கள், எந்த நிறுவனத்தில்? படிப்பை முடித்து, சி.டி.சி. எனும் மாலுமிக் கையேட்டையும் கையில் வைத்துக்கொண்டு முதல் கப்பலுக்காக ஒரு வருடம், இரண்டு வருடம் காத்திருப்பவர்கள் ஏராளம். கப்பலுக்கு ஒரே ஒரு மெஸ்மேன் இடம், அதிலும் அனுபவசாலிக்கே முன்னுரிமை என்பதால் வரும் நெருக்கடி இது. கப்பல் நிறுவனமே ஸ்பான்சர் செய்து எடுக்கும் இடம் கிடைத்தால் கட்டணம் சற்றுக் கூடுதலானாலும் அதுதான் லாபம்.

சொகுசுக் கப்பல் இதற்கு நேர் எதிர். ஆயிரத்துக்கும் மேல் ஊழியர்கள், அதில் பெரும்பகுதி ஓட்டல் பிரிவு. சமையற்கட்டு மட்டுமே பல தளங்களில் பரவியிருக்கும். இறைச்சி வெட்டுமிடம், குளிர் சமையல், சாஸ், காய்கறி, பேக்கரி, பேஸ்ட்ரி என்று பிரித்துப் பிரித்து ஆள் போடுவார்கள். இங்கே சி.சி.எம்.சி. கேட்கமாட்டார்கள். கேட்பது ஓட்டல் மேலாண்மைப் படிப்பும் நட்சத்திர ஓட்டல் அனுபவமும். தரமணியிலோ துவாக்குடியிலோ உள்ள ஓட்டல் மேலாண்மைக் கல்லூரியில் மூன்று வருடம் படித்தவருக்கு, பெரிய ஓட்டலில் ஒன்றிரண்டு வருடம் கமிஸாக (இளநிலைச் சமையல்காரராக) நின்ற அனுபவமும் இருந்தால், அசிஸ்டன்ட் குக் அல்லது கமிஸ் இடத்துக்கு நேர்காணலுக்குப் போகலாம். அவர் ஆறு மாதம் ஒதுக்கி சி.சி.எம்.சி. படிப்பதில் ஒரு பயனும் இல்லை. அனுபவம் குறைந்தவருக்கு கேலி யூட்டிலிட்டி என்ற பாத்திரம் கழுவும் இடம் உண்டு. அங்கிருந்து மேலே ஏறியவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மெதுவாகத்தான் ஏற முடியும். பெரும்பாலான நிறுவனங்கள் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்கின்றன. 25 தாண்டியவருக்கு உண்மையில் திறந்திருக்கும் கதவு இதுதான்.

மூன்றாவது, கடல் எண்ணெய்த் தளங்களும் பார்ஜ்களும். மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலிலும் வளைகுடாவிலும் கேட்டரிங் ஒப்பந்த நிறுவனங்கள் ஆள் எடுக்கின்றன. கேம்ப் பாஸ் (கேட்டரிங் மேலாளர்), குக், இரவு பேக்கர், கேலி ஹேண்ட், லாண்டரி என்று பதவிகள். ஹெலிகாப்டரில் போக வேண்டியிருந்தால் ஹ்யூயட் என்ற தப்பிக்கும் பயிற்சி கட்டாயம். கவிழ்த்துப்போட்ட ஹெலிகாப்டர் கூண்டிலிருந்து தண்ணீருக்கடியில் பெல்ட்டை அவிழ்த்து ஜன்னல் வழியே வெளியேறிக் காட்ட வேண்டும். ஓ.என்.ஜி.சி. ஊழியர்களுக்கு 14 நாள் வேலை, 14 நாள் விடுப்பு என்ற சுழற்சி இருப்பதைக் காட்டி ஆசை காட்டுவார்கள். ஒப்பந்த கேட்டரிங் ஆட்களுக்கும் அதுவே கிடைக்கும் என்று எண்ணாமல், சுழற்சியை எழுத்தில் வாங்குங்கள். நிலையாக நிற்கும் தளம் கப்பல் ஆகாது என்பதால் அங்கே செய்த வேலை சி.டி.சி.யில் கடல் சேவையாக ஏறாது. பின்னால் சரக்குக் கப்பலுக்கு மாற நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

காகிதங்கள்: பெயரிலிருந்து தொடங்குங்கள்

நம் ஊர்க்காரர்களுக்கு முதல் சிக்கல் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். கார்த்திக்’ என்று இருக்கும், ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் செல்வம்’. இண்டோஸ் எண் என்ற மாலுமிப் பதிவு எண் வாங்கும்போது ஒரு பெயர் பதிவாகிவிட்டால் அதன் பிறகு வரும் ஒவ்வொரு சான்றிதழும் அந்தப் பெயரில்தான் வரும். பாஸ்போர்ட்டோடு ஒட்டவில்லை என்றால் சி.டி.சி. விண்ணப்பம் நின்றுவிடும், விசாவும் இழுக்கும். ஆகவே முதலில் பாஸ்போர்ட், அதிலுள்ள பெயர்படியே மற்ற எல்லாம். பிறந்த தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி தேவை) முத்திரை விழாது. விண்ணப்பிக்கும்போதே சான்றிதழைக் காட்டிவிடுங்கள்.

இண்டோஸ் என்பது இந்திய மாலுமிகளின் தரவுத்தொகுப்பில் உங்களுக்கான எண். அது இல்லாமல் எந்தப் பாதுகாப்புப் பயிற்சியிலும் சேர முடியாது. அதன் பிறகு எஸ்.டி.சி.டபிள்யூ. என்ற சர்வதேச மாலுமிப் பயிற்சி விதிப்படியான அடிப்படைப் பயிற்சிகள்: கடலில் உயிர் பிழைத்தல், தீயணைப்பு, முதலுதவி, தனிப்பட்ட பாதுகாப்பும் சமூகப் பொறுப்பும். இவற்றோடு கப்பல் பாதுகாப்புக் கடமைகளுக்கான எஸ்.டி.எஸ்.டி.எஸ்.டி. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ இரண்டு வாரம். சமையல்காரருக்கு எதற்கு இதெல்லாம் என்று சிலர் கேட்பதுண்டு. கப்பலில் தீப்பிடித்தால் சமையல்காரரும் தீயணைப்புக் குழுவில்தான் நிற்பார்.

உயிர் பிழைத்தல் பயிற்சியில் லைஃப் ஜாக்கெட்டோடு உயரத்திலிருந்து நீரில் குதிக்க வேண்டும், நீந்த வேண்டும், ஜாக்கெட் இல்லாமல் சிறிது நேரம் மிதக்க வேண்டும், கவிழ்ந்த ரப்பர் தெப்பத்தை நிமிர்த்த வேண்டும். தண்ணீர் பயம் உள்ளவர்கள் இங்கேதான் திணறுகிறார்கள். ஒரு மாதம் முன்னதாகக் கிணற்றிலோ நீச்சல் குளத்திலோ மல்லாந்து மிதக்கப் பழகிக்கொண்டால் போதும். உயிர் பிழைத்தல், தீயணைப்பு இரண்டையும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலை உறுதியாகும் முன்பே அவசரப்பட்டு எடுத்து வைத்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கும் காலமும் அந்த ஐந்தில் கழியும். சொகுசுக் கப்பலுக்குப் போகிறவர் நேர்காணலில் தேர்வான பிறகு எடுத்தால் போதும். கூட்டத்தைக் கையாளுதல் போன்ற பயணிகள் கப்பல் பயிற்சிகளில் எது வேண்டும் என்பதை நிறுவனமே சொல்லிவிடும்.

சி.டி.சி.தான் மாலுமியின் கையேடு, பத்து ஆண்டு செல்லும். விண்ணப்பம் இணையத்தில், சென்னை, மும்பை, கொல்கத்தா ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள் வழங்குகின்றன. ‘இந்திய சி.டி.சி. லேட்டாகும், பனாமா சி.டி.சி. வாங்கித் தர்றேன்’ என்று ஒரு கூட்டம் சுற்றுகிறது. பயிற்சிக்கே போகாமல் வாங்கும் வெளிநாட்டுக் கையேடு பெரும்பாலும் போலி. உண்மையானதாகவே இருந்தாலும் பின்னால் நிற்கும் பயிற்சிச் சான்றிதழ்கள் போலியாக இருக்கும். பிடிபட்டால் துறைமுகத்தில் மாட்டுவது நீங்கள், ஏஜென்ட் அல்ல.

மருத்துவச் சான்று டி.ஜி. அங்கீகரித்த மருத்துவரிடம் மட்டும். இரண்டு ஆண்டு செல்லும். உணவைக் கையாள்பவர் என்பதால் மலப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, கல்லீரல் அழற்சிச் சோதனை எல்லாம் சேரும். ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹெர்னியா, சொத்தைப் பல் இவைதான் வழக்கமாகத் தடுக்கும் காரணங்கள். பல்லை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளுங்கள், நடுக்கடலில் பல் வலித்தால் மாத்திரைதான் வைத்தியம். மஞ்சள் காய்ச்சல் ஊசி கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்க வேண்டாம். 2016 ஜூலை முதல் அது ஆயுள் முழுவதற்கும் செல்கிறது. அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல் என்றால் கப்பல் ஊழியர்களுக்கான சி-1/டி விசா வேண்டும். அதற்கு நிறுவனத்தின் கடிதம் வேண்டும், தனியாளாக வாங்கி வைக்க முடியாது. ‘நானே அமெரிக்க விசா எடுத்துத் தர்றேன், கப்பல் அப்புறம்’ என்பவரை நம்ப வேண்டாம்.

ஏஜென்ட்டைச் சோதிப்பது எப்படி

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்க ஆர்.பி.எஸ்.எல். என்ற உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியல் டி.ஜி. ஷிப்பிங் தளத்தில் இருக்கிறது. விசிட்டிங் கார்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள்: நிறுவனப் பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா, முடக்கி வைக்கப்பட்டிருக்கிறதா. பிறகு அந்த முகவரியில் உள்ள அலுவலகத்தைப் பட்டியலில் உள்ள தொலைபேசி வழியாகக் கூப்பிட்டு, உங்களிடம் பேசியவர் அங்கே வேலை பார்க்கிறாரா என்று கேளுங்கள். நல்ல நிறுவனத்தின் பெயரைச் சொல்லி வெளியாள் காசு வாங்குவதுதான் இப்போது அதிகம்.

பணம் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. எம்.எல்.சி. 2006 என்ற கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2015 அக்டோபரில் ஏற்றுக்கொண்டது. அதன்படி வேலைக்கு அமர்த்துவதற்காக மாலுமியிடம் நேராகவோ மறைமுகமாகவோ எந்தக் கட்டணமும் வாங்கக் கூடாது. மாலுமி செலவழிக்க வேண்டியது மருத்துவச் சான்று, சி.டி.சி., பாஸ்போர்ட் இவற்றுக்கு மட்டும். விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. பயிற்சிக் கட்டணம் பயிற்சி நிலையத்துக்கு, ரசீதோடு. கேட்டரிங் ஆட்களும் வெயிட்டர்களும் மாலுமிதானா என்று சந்தேகம் வேண்டாம். கப்பலில் எந்தப் பணியில் இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தின்படி மாலுமியே. ‘சர்வீஸ் சார்ஜ்’, ‘டாக்குமென்டேஷன்’, ‘டிரெய்னிங் ப்ளஸ் ஜாப் பேக்கேஜ்’ என்று பெயரை மாற்றிக் கேட்பதும் அதே கட்டணம்தான்.

வேலைக்கடிதம் கொடுத்தால் அதில் கப்பலின் பெயரும் அதன் சர்வதேச அடையாளமான ஐ.எம்.ஓ. எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண் ஏழு இலக்கம், கடைசி இலக்கம் சரிபார்ப்பதற்கானது. முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் வரும் தொகையின் கடைசி இலக்கமும் ஏழாவது இலக்கமும் ஒன்றாக இருக்கும். உதாரணம் 9074729: 63, 0, 35, 16, 21, 4; கூட்டினால் 139. கடைசி இலக்கம் 9, சரி. வாயில் வந்த எண்ணைப் போட்ட போலிக் கடிதங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே விழுந்துவிடும். கணக்கு சரியாக வந்தால் ஈக்வாசிஸ் என்ற இலவச இணையதளத்தில் அந்த எண்ணைப் போடுங்கள். கொடி, உரிமையாளர், கப்பலின் வயது, எந்தத் துறைமுகத்தில் எப்போது தடுத்து நிறுத்தப்பட்டது எல்லாம் வரும். அடிக்கடி தடுக்கப்பட்ட பழைய கப்பலில் சம்பளமும் ஒழுங்காக வராது என்று வைத்துக்கொள்ளலாம்.

விசிட் விசாவில் துபாய் போய், அங்கிருந்து ஈரானில் கப்பல் ஏறச் சொன்னால் போகாதீர்கள். உரிமம் உள்ள ஏஜென்சி நீங்கள் கப்பல் ஏறப்போகும் விவரத்தை டி.ஜி. தளத்தில் பதிவு செய்துதான் அனுப்பும். டூரிஸ்ட் என்று சொல்லிக் கிளம்பியவருக்கு அங்கே சம்பளம் நின்றாலும், கப்பலைக் கைவிட்டு உரிமையாளர் ஓடினாலும், இங்கே எந்தப் பதிவும் இருக்காது. முறையாகப் போனவருக்குப் பாதுகாப்பு இருக்கிறது: இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டாலே கைவிடப்பட்டதாகக் கொள்ளலாம், அதற்கான நிதி உத்தரவாதச் சான்றிதழ் கப்பலில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஏஜென்ட் வாயால் சொல்லும் தொகை அடிப்படைச் சம்பளமா, நிலையான ஓவர்டைம் சேர்ந்ததா, விடுப்புச் சம்பளமும் உள்ளடங்கியதா? எல்லாம் அடங்கிய தொகை என்றால் வீட்டில் இருக்கும் மாதங்களுக்கு எதுவும் வராது. ஒப்பந்த மாதங்கள், ஊர் திரும்பும் டிக்கெட் யார் செலவு, எந்தப் பதவி என்பதையும் பாருங்கள். பதவிக் கட்டத்தில் ‘மெஸ்மேன்’ என்று போட்டிருந்தால் போய்ச் சேர்ந்தபின் ‘குக்’ ஆக்குவோம் என்ற வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

நேர்காணலும் சமையல் சோதனையும்

நம் சமையல்காரர்கள் குழம்பிலும் பிரியாணியிலும் தேறிவிடுவார்கள். விழுவது ரொட்டியில். சரக்குக் கப்பலில் பிரெட் வாங்க முடியாது, கொண்டுபோன உறைபிரெட் தீர்ந்ததும் சுட வேண்டியதுதான். ஒரு கிலோ மாவுக்கு 600 மில்லி தண்ணீர், 10 கிராம் உலர் ஈஸ்ட், 20 கிராம் உப்பு, 20 கிராம் சர்க்கரை, 30 கிராம் கொழுப்பு என்பதைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்ல வேண்டும். உப்பை ஈஸ்ட்டின் மேல் நேராகக் கொட்டக் கூடாது, குளிர் நாட்டில் மாவு உப்ப இரட்டிப்பு நேரம் ஆகும், இஞ்சின் அறைப் பக்கச் சுவர் கதகதப்பாக இருக்கும், இதெல்லாம் கேட்கும் கேள்விகளே. ஆம்லெட், போச்ட் எக், கிரீம் சூப், வறுத்த முழுக் கோழி, பெஷமெல் சாஸ் இவற்றைச் செய்து காட்டச் சொல்வார்கள். ஏழு நாளுக்கு மெனு எழுதச் சொன்னால் ஒரே இறைச்சி அடுத்தடுத்த வேளையில் வராமல் எழுதுங்கள்.

பிலிப்பினோ, இந்தியர், கிழக்கு ஐரோப்பியர் கலந்த கப்பல்கள் நிறைய. பிலிப்பினோவுக்கு மூன்று வேளையும் சோறு வேண்டும், அடோபோவும் சினிகாங்கும் தெரிந்தால் அவர்கள் உங்களைக் கொண்டாடுவார்கள். வடநாட்டவருக்குச் சப்பாத்தி. ஐரோப்பியருக்கு உருளைக்கிழங்கு, காரம் குறைவு. ‘மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி சமைப்பீர்களா, ருசி பார்ப்பீர்களா’ என்ற கேள்வி கட்டாயம் வரும். தயங்கினால் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டு நேர்காணலுக்குப் போவது நல்லது.

சொகுசுக் கப்பல் நேர்காணலில் சமையலைவிடச் சுகாதாரக் கேள்விகள் அதிகம். அமெரிக்கத் துறைமுகம் தொடும் கப்பல்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதார அதிகாரிகள் சொல்லாமல் வந்து சோதிப்பார்கள். 100க்கு 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி, மதிப்பெண் பொதுவில் வெளியாகும். ஆகவே யூ.எஸ்.பி.எச். விதிகளை மனப்பாடமாகக் கேட்பார்கள்: குளிர் உணவு 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது, சூடான உணவு 57க்குக் கீழே இறங்கக் கூடாது. சமைத்ததை ஆறவைக்கும்போது 57லிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்தில், 21லிருந்து 5க்கு அடுத்த நான்கு மணி நேரத்தில். கோழி உள்ளே 74 டிகிரி. பாத்திரம் கழுவ மூன்று தொட்டி: சோப்பு, அலசல், கிருமிநீக்கம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும். உணவைக் கையாள்பவரைக் குணமாகி 48 மணி நேரம் கழியும் வரை வேலைக்கு விடமாட்டார்கள். ‘லேசான வயிற்றுவலிதான், சமாளிச்சுக்குவேன்’ என்று நேர்காணலில் சொன்னவர் வெளியேதான்.

சரக்குக் கப்பல் சமையற்கட்டு

ஏறிய பின் முதலில் ஏமாற்றுவது அடுப்பு. காஸ் கிடையாது, தீ நாக்கும் கிடையாது. மின்சார இரும்புத் தட்டு, சூடேற இருபது நிமிடம், ஆற அதைவிட அதிகம். தாளிப்பு கருகுவதும் பால் பொங்குவதும் முதல் வாரத்தில் சகஜம். பாத்திரத்தை நகர்த்திச் சமைக்கப் பழக வேண்டும். அடுப்பைச் சுற்றிக் கம்பித் தடுப்பு இருக்கும், கடல் ஆடும்போது குறுக்குக் கம்பி போட்டுப் பாத்திரத்தை நெருக்கி நிறுத்த வேண்டும். பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. அலை பெரிதாக இருக்கும் நாளில் பொரிப்பு வேண்டாம், அவனில் வைப்பதும் ஒற்றைப் பாத்திரச் சமையலும்தான். பொரிக்கும் எண்ணெய்த் தொட்டியும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்த புகைபோக்கியும்தான் சமையற்கட்டுத் தீக்குப் பெரிய காரணங்கள். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மின்சாரத்தை அணைத்து, தீப்போர்வையால் மூடி, காற்றோட்ட மடையை அடைக்க வேண்டும்.

நாள் காலை 5:30க்குத் தொடங்கும். மதியச் சாப்பாடு 11:30க்கே தயாராக வேண்டும், 12 மணி வாட்ச் என்ற முறைப்பணிக்குப் போகிறவர் அதற்கு முன் சாப்பிட்டாக வேண்டும். பிற்பகல் இரண்டரை மணி நேரம் ஓய்வு, மீண்டும் இரவு 7 வரை. விதிப்படி 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமும், ஏழு நாளில் 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும். ஒரு நாளின் ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம், அதில் ஒன்று ஆறு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. துறைமுகத்தில் இரவு மளிகை ஏறும் நாளில்தான் இந்தக் கணக்கு உடையும். உடைந்ததை உடைந்ததாகவே ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.

சீஃப் குக் ஆகும்போது உண்மையான பாரம் மளிகைக் கணக்கு. 22 பேர், 30 நாள் என்று வையுங்கள். அரிசி ஆளுக்கு 200 கிராம் என்றால் 132 கிலோ. இறைச்சி, மீன், கோழி சேர்த்து 300 கிராம் வீதம் 198 கிலோ. முட்டை ஒன்றரை வீதம் 990, அதாவது 33 தட்டு. மாவு 100 கிராம் வீதம் 66 கிலோ. சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் அதிகமென்றால் இதை இரட்டிப்பாக்குங்கள். அடுத்த துறைமுகம் தள்ளிப்போவது வழக்கம் என்பதால் அரிசி, மாவு, பருப்பில் பதினைந்து நாள் கூடுதலாக வைத்திருப்பது புத்திசாலித்தனம். கணக்கில் கோட்டை விட்டால் மாதக் கடைசியில் முட்டைக்கோஸும் டின் மீனும்தான். கேப்டனுக்கும் குக்குக்கும் சண்டை வருவது அப்போதுதான்.

கீரை, கொத்தமல்லி, வெள்ளரி முதல் வாரம். தக்காளி, கத்தரி, குடைமிளகாய் இரண்டாம் வாரம். கோஸ், கேரட், பூசணி கடைசி வரை தாங்கும். மெனுவை இந்த வரிசையில் போட வேண்டும். பழுக்கும் தக்காளியையும் ஆப்பிளையும் கீரைக்குப் பக்கத்தில் வைத்தால் அவை விடும் வாயுவில் கீரை மஞ்சளாகிவிடும். வாழைப்பழத்தைக் காய்கறி அறையின் 4 டிகிரியில் வைத்தால் தோல் கறுக்கும். இறைச்சியும் மீனும் மைனஸ் 18ல் தனித்தனி அறையில். உறைந்த கோழியை இரவே காய்கறி அறையின் கீழ்த்தட்டில், தட்டத்தோடு எடுத்து வைத்து இளக விட வேண்டும். காலையில் மறந்துபோய்த் தொட்டித் தண்ணீரில் போட்டு இளக்குவதுதான் ஆய்வாளர்கள் வழக்கமாகப் பிடிக்கும் குற்றம்.

குப்பையிலும் சட்டம் உண்டு. பிளாஸ்டிக் எந்தக் கடலிலும் கூடாது. சமையல் எண்ணெயும் கடலில் கொட்டக் கூடாது, டின்னில் சேர்த்துக் கரையில் கொடுக்க வேண்டும். உணவுக் கழிவு கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால். 25 மில்லிமீட்டர் சல்லடையில் போகும் அளவுக்கு அரைத்தால் 3 மைலுக்கு அப்பால். மத்தியதரைக் கடல், பாரசீக வளைகுடா போன்ற சிறப்புப் பகுதிகளில் அரைத்தாலும் 12 மைல். மிச்சச் சோற்றோடு ஒரு பிளாஸ்டிக் உறை போனாலும் கப்பலுக்கு அபராதம் வரலாம், முதல் கேள்வி மெஸ்மேனைத்தான் கேட்பார்கள்.

பணமும் பதிவும்

கிளம்பும் முன் வங்கியில் என்.ஆர்.இ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்குத் திறப்பது பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கப்பலில் வேலைக்காகக் கிளம்பும் இந்தியர், அந்த நிதியாண்டில் 182 நாளுக்குக் குறைவாகவே இந்தியாவில் இருந்தால் வருமான வரிக்கு வெளிநாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். நாட்களைச் சி.டி.சி. பதிவும் பாஸ்போர்ட் முத்திரையும் வைத்துத்தான் எண்ணுவார்கள். மார்ச்சில் இறங்குவதா ஏப்ரலில் இறங்குவதா என்பதுகூடச் சில சமயம் வரியை மாற்றும். ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது.

இறங்கும் நாளில் அவசரத்தில் பலர் விடுவது சி.டி.சி. பதிவு. ஏறிய தேதி, இறங்கிய தேதி, பதவி, கேப்டன் கையொப்பம், கப்பல் முத்திரை எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று கேங்வே என்ற ஏணிப்பாலத்தில் இறங்கும் முன் பாருங்கள். தனியாகக் கடல் சேவைக் கடிதமும் வாங்குங்கள். சமையல்காரர் தகுதிச் சான்றுக்கான தேர்வுக்கு இந்தக் கடல் சேவையைத்தான் எண்ணுவார்கள். பதவி தவறாக எழுதியிருந்தால் கப்பலிலேயே திருத்தி வாங்கிவிடுங்கள். ஊருக்கு வந்து ஏஜென்சிக்கு மின்னஞ்சல் அனுப்பித் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும் வேலை.